தலைக்கட்டில் இல்லாத வீடு

விருத்தாம்பாள் அக்கா என் அலுவலகத்துக்கு முதன்முதலில் வந்த அன்று, அவரைத் திருப்பி அனுப்பிவிடத்தான் பார்த்தேன். சிதம்பரம் தெற்கு வீதியில், ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடியில் என் அலுவலகம். படி செங்குத்து. ஏறி வருகிற யாருக்கும் மூச்சு வாங்கும். ஆனால் அன்று அவருக்குப் பின்னால் வந்த பெண்பிள்ளை கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பதினாலு வயதிருக்கும். உதடு நீலம் பாய்ந்திருந்தது. அவள் எழுந்து உள்ளே வரட்டும் என்று இருவரும் காத்திருந்தோம்.

"கடலூர்ல எந்த வக்கீலும் எடுக்க மாட்டேன்ட்டாங்கம்மா" என்றார் விருத்தாம்பாள் அக்கா.

கடலூர் வக்கீல்கள் எடுக்காத வழக்கை எடுக்க நான் என்ன இளிச்சவாயா என்று நினைத்தேன். மனசுக்குள்தான். வாயால், "என்ன கேஸ்?" என்று கேட்டேன். அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பெயர் வினோதினி என்றாள். அதைச் சொல்வதற்கே அவளுக்கு இரண்டு மூச்சு வேண்டியிருந்தது. அதற்கப்புறம் திருப்பி அனுப்புகிற பேச்சு என் வாயில் வரவில்லை.

கடலூருக்குத் தெற்கே, தொழிற்பேட்டையை ஒட்டி இருக்கிறது அவர்கள் ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம், மேல்முறையீடு இன்னும் நிலுவையில் இருக்கிறது. அங்கே பூச்சிமருந்து தயாரிக்கிற ஒரு கம்பெனி. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு காலையில் அதன் குழாய் ஒன்று விட்டுப்போய்ப் புகை ஊருக்குள் இறங்கியது. மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு ஓடினார்கள். வினோதினி பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தாள். பனி என்று நினைத்து அதற்குள்ளேயே மிதித்துப் போயிருக்கிறாள். சைக்கிளோடு விழுந்து கிடந்தவளை மதியத்துக்கு மேல்தான் தூக்கி வந்தார்கள். அன்றையிலிருந்து நுரையீரல் சுருங்கிக்கொண்டே வருகிறது. சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரியில் அவர்களால் முடிந்ததைச் செய்தார்கள். இதற்கு மேல் தொடர்ந்து பார்க்கிற வைத்தியம் வேண்டும், வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். விருத்தாம்பாள் அக்கா முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறவர். அவரால் எங்கே முடியும்?

"ஊர்ல எல்லாருக்கும் கம்பெனிக்காரன் வைத்தியம் பாக்குறாம்மா. எம் பொண்ணுக்கு மட்டும் இல்ல" என்றார்.

விஷயம் இதுதான். புகை வந்த அடுத்த மாசமே ஊர் சேர்ந்து கம்பெனி மேல் வழக்குப் போட்டது. ஆயிரம் பேர் ஆயிரம் வழக்குப் போட முடியாது என்பதால், ஒரே மாதிரி பாதிக்கப்பட்ட எல்லோருக்காகவும் நாலு பேர் நின்று ஒரே வழக்காக நடத்தச் சட்டத்தில் வழி உண்டு. நீதிமன்றம் அனுமதி கொடுத்து, பேப்பரில் ஒரு விளம்பரம் போடச் சொல்லும். ஆட்சேபம் இருப்பவர்கள் வந்து சொல்லலாம். யாரும் வரவில்லை என்றால் அந்த நாலு பேர் வாங்குகிற தீர்ப்பு எல்லோரையும் கட்டுப்படுத்தும். அன்றைக்கு உன் வீட்டுக்குப் பேப்பர் வந்ததா, உனக்குப் படிக்கத் தெரியுமா என்றெல்லாம் எவரும் கேட்பதில்லை. டெண்டர் அறிவிப்புக்கும் காணாமல் போனவர் விளம்பரத்துக்கும் நடுவில் பொடி எழுத்தில் அது வந்துவிட்டால் போதும், சட்டத்தின் கண்ணில் ஊரே அதைப் படித்துவிட்டது.

வழக்கு சமரசத்தில் முடிந்தது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குக் கம்பெனி ஆயுசு முழுக்க வைத்தியம் பார்க்கும். சிதம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையோடு ஒப்பந்தம், குடும்பத்துக்கு ஓர் அட்டை. எதெது குடும்பம் என்பதை ஊரே சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்கள். வினை அங்கேதான் வந்தது.

ஊர் தனக்குத் தெரிந்த விதத்தில் எண்ணியது. திரௌபதி அம்மன் கோயில் தீமிதிக்கு வரி போடும்போது எப்படி எண்ணுவார்களோ, அப்படி. கல்யாணமான ஆண் இருந்தால் அது ஒரு தலைக்கட்டு. அவன் செத்து, தலையெடுத்த மகனும் இல்லை என்றால் அந்த வீடு கணக்கிலிருந்து கழிந்துவிடும். இதை யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எனக்கு ஆத்திரம் வருவதே அதனால்தான். தாலி இழந்தவளிடம் போய் வரிக் காசு கேட்பது பாவம் என்று, எப்போதோ யாரோ இரக்கப்பட்டு வைத்த வழக்கம் அது. அவளுக்கு வரி கிடையாது, ஆனால் கூழ் உண்டு, திருவிழாச் சோறு உண்டு. அந்த ஊர் விதவைகள் இத்தனை காலமாக அதைச் சலுகை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். விருத்தாம்பாள் அக்காவும் அப்படித்தான்.

"அட்டை குடுத்த அன்னிக்கு நானும் போயி வரிசையில நின்னேன். எம் மூத்தாருதான் ஊருக்கு நாட்டாம. 'நீ ஏன் நிக்கிற, உன் வூடு தலக்கட்டுல இல்லியே'ன்னாரு. கோவமாகூட சொல்லலம்மா. நான் ஏதோ மறந்துபோயி வந்து நின்னுட்ட மாதிரி சொன்னாரு."

மூத்தார் என்றால் கணவனின் அண்ணன். வினோதினிக்குப் பெரியப்பா. சொந்தப் பெரியப்பாவே அட்டை கொடுக்கவில்லை என்றால் அவர் பெரிய கொடுமைக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டு, சண்டைக்குத் தயாராகத்தான் அந்த ஊருக்குப் போனேன்.

கண்ணாயிரம் ஐயா என்னை வாசலிலேயே நின்று வரவேற்றார். அறுபது வயது. கொஞ்சம் முந்திரித் தோப்பு, கொஞ்சம் கரும்பு. பலாச்சுளை அரிந்து தட்டில் வைக்கச் சொன்னார். கம்பெனி வாசலில் ஊரைத் திரட்டி மறியல் செய்து, போலீசிடம் அடி வாங்கி, கோர்ட்டுக்கு நடையாய் நடந்து அந்தச் சமரசத்தை வாங்கித் தந்தவர் அவர்தான். கம்பெனிக்காரன் தனியாகக் கூப்பிட்டு நீட்டியதைத் தொடாமல் வந்தவர் என்று ஊரே சொன்னது. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை எவ்வளவோ சுலபமாகப் போயிருக்கும்.

"எந் தம்பி பொண்ணுதாம்மா அது. எனக்குப் பாசம் இல்லாம இல்ல" என்றார். "ஆனா இத்தன குடும்பந்தான்னு கம்பெனிக்காரன் கையெழுத்துப் போட்டு மூடிட்டான். இப்ப ஒண்ண நுழைச்சா மிச்சம் இருக்குற பொம்பளைங்க அத்தினி பேரும் வந்து நிப்பாங்க. அவன் இதான் சாக்குன்னு எல்லாத்தயும் நிறுத்திடுவான். ஒரு வூட்டுக்காக ஊர் அட்டையவே பணயம் வெக்கச் சொல்றீங்களா?"

"அந்த வீடுகளை முதல்லயே ஏன் ஐயா விட்டீங்க?"

"வுடலியே" என்றார் அவர். நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்தார். "அது எப்பவுமே இல்ல."

நான் பலாச்சுளையைத் தின்று முடித்துவிட்டு எழுந்து வந்தேன். வேறென்ன செய்வது?

ஊர் வழியில் நடக்கவில்லை என்றால் இருப்பது கோர்ட் வழி. வினோதினிக்காகக் கம்பெனி மேல் தனியாக வழக்குப் போட்டேன். கம்பெனிக்குக் கடலூரில் சுப்பிரமணியன் என்ற மூத்த வக்கீல் ஆஜரானார். குரலை உயர்த்தாத மனிதர். சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் கழுத்தை அறுப்பார். முதல் வாய்தாவிலேயே எழுந்து, "இந்த விவகாரம் ஏற்கெனவே ஊர் வழக்கில் முடிந்துவிட்டது, திரும்பத் திறக்க முடியாது" என்றார். அந்தச் சமயம் பார்த்து இப்படிக் கூட்டாகப் போடும் வழக்குகளைப் பற்றி அடுத்தடுத்துத் தீர்ப்புகள் வந்துகொண்டிருந்தன. எல்லோருக்காகவும் ஒரு வழக்கு நடந்து முடிந்தபின், அதில் பெயர் இல்லையே, எனக்குத் தெரியாதே என்று ஒவ்வொருவராகத் தனி வழக்கு கொண்டுவர முடியாது என்று அவர் கையில் இருந்த தீர்ப்புகள் சொல்லின. எல்லோருக்காகவும் நின்றவர்கள் நேர்மையாக எல்லோருக்காகவும் நின்றிருக்க வேண்டும், யாரையாவது வெளியே நிறுத்திவிட்டு நடத்திய வழக்கு அவர்களைக் கட்டாது என்று என் கையில் இருந்தவை சொல்லின. நீதிபதி இரண்டு கட்டையும் வாங்கி வைத்துக்கொண்டு, சாட்சியைக் கூப்பிடுங்கள் என்றார்.

ஆக, எல்லாம் கண்ணாயிரம் ஐயாவின் வாயில் வந்து நின்றது. ஊர் வழக்கில் விதவை வீடுகளை ஆரம்பத்திலிருந்தே சேர்க்கவில்லை என்று அவர் கூண்டில் ஏறிச் சொன்னால் வினோதினியின் வழக்கு பிழைக்கும். கம்பெனியை நாம் நேராகக் கேட்கலாம். சொல்லாவிட்டால் முடிந்தது. போய்க் கேட்டேன். மறுப்பார் என்று நினைத்தேன், மறுக்கவில்லை.

"நடந்தத சொல்றதுக்கு என்னா? வரேன்" என்றார்.

சாட்சி விசாரணை அன்று கடலூர் கோர்ட்டுக்கு ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். ஆண்கள் பின்வரிசையில் தோளில் துண்டோடு உட்கார்ந்தார்கள். விருத்தாம்பாள் அக்கா சுவர் ஓரமாக நின்றார். வினோதினியை நான் வராதே என்றிருந்தேன், கேட்காமல் வந்து அம்மா பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

நான் கேட்டேன். ஊர் வழக்குப் போட்டபோது விருத்தாம்பாள் வீட்டைச் சேர்த்தீர்களா? "இல்லீங்க, அது தலக்கட்டுல இல்ல." அவர்களிடம் வழக்கைப் பற்றிச் சொன்னீர்களா? "ஊர்க் கூட்டத்துல சொன்னோங்க. தலக்கட்டுதான கூட்டத்துக்கு வரும்." அட்டை கொடுக்கும்போது? "அதே கணக்குதாங்க." ஒளிவு மறைவே இல்லை. கேட்டதற்கெல்லாம் தேங்காய் உடைத்த மாதிரி பதில் சொன்னார். நான் உட்கார்ந்தேன். ஜெயித்துவிட்டோம் என்று எனக்கு அப்போது கர்வமே வந்துவிட்டது.

சுப்பிரமணியன் சார் எழுந்தார். கையில் ஒரு காகிதம்கூட இல்லை.

"ஐயா, இந்த விருத்தாம்பாள் அம்மா உங்க ஊர்க்காரங்களா, வெளியூரா?"

கண்ணாயிரம் ஐயா திரும்பினார். பின்வரிசை ஆண்களைப் பார்த்தார். தம்பி மனைவியைப் பார்த்தார். அந்த ஊரில் ஒருவரை ஊரில் சேர்த்தி இல்லை என்று சொன்னால் தள்ளிவைத்தாயிற்று என்று அர்த்தம். அப்புறம் அந்த வீட்டுச் சாவுக்குக்கூட ஒருவரும் போக மாட்டார்கள். நாட்டாமை வாயால் அதை விளையாட்டுக்குக்கூடச் சொல்ல முடியாது. அப்போதுதான் அந்தக் கேள்வி எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்தது.

"என்னா கேள்வி கேக்குறீங்க?" என்றார். "எந் தம்பி பொண்டாட்டிங்க. எங்க வூட்டுக்கு வெளக்கேத்த வந்தவ. ஊர்ல சேர்த்திதான். இல்லன்னு எந்த வாயி சொல்லும்?"

"அந்தக் கேஸை ஊருக்காகத்தானே போட்டீங்க?"

"பின்ன? எங்களுக்காகவா போட்டோம்? ஊருக்காகத்தான்."

"நன்றிங்க ஐயா" என்று அவர் உட்கார்ந்துவிட்டார். நான் எழுந்து மறுபடி ஏதேதோ கேட்டேன். ஊர் வேறு, தலைக்கட்டு வேறு என்று கண்ணாயிரம் ஐயா திரும்பத் திரும்பச் சொன்னார். அவருக்கு அதில் முரண்பாடே தெரியவில்லை. பதிவேற வேண்டியது முதலிலேயே ஏறிவிட்டது.

வெளியே வேப்பமரத்தடிக்கு வந்ததும் விருத்தாம்பாள் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "எங்க மூத்தாரு அத்தினி பேரு முன்னாடி சொல்லிட்டாரு பாத்தீங்களாம்மா! எந்த வாயி சொல்லும்னு கேட்டாரு!" புருஷன் செத்தபின் தன்னை இப்படி ஒருவர் சபையில் வைத்துப் பேசியதில்லை என்றார். அந்தச் சந்தோஷத்தை எப்படிக் கெடுப்பது என்று தெரியாமல் கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தேன்.

வினோதினிதான் கேட்டாள். "அக்கா, பெரியப்பா அப்பிடி சொன்னது நமக்கு நல்லதா, கெட்டதா?"

"கெட்டது" என்றேன்.

"அந்த ஒரு வார்த்தையாலயா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

மழைக்காலம் தொடங்கும்போது தீர்ப்பு வந்தது. பக்கம் பக்கமாக இருந்தது, விஷயம் கொஞ்சம்தான். மனுதாரர் அந்த ஊரைச் சேர்ந்தவர் என்பது அவர் தரப்புச் சாட்சியாலேயே நிரூபணமாகிறது. ஊர் வழக்கு ஊர் முழுவதற்குமாக நடந்தது. விளம்பரம் முறையாக வெளிவந்தது, எவரும் ஆட்சேபிக்கவில்லை. எனவே சமரசம் இவரையும் கட்டும். தலைக்கட்டு என்பது ஊரின் உள் ஏற்பாடு, அதில் நீதிமன்றம் தலையிட முகாந்திரம் இல்லை. சமரசத்தில் பலன் வேண்டுமானால் ஊர்க் குழுவை அணுகிக்கொள்ளலாம். வழக்கு தள்ளுபடி.

ஒரு வீட்டை எண்ணாமல் விட்டது ஊர். எண்ணியதாக வைத்துக்கொண்டது கோர்ட். கட்டுப்படச் சொல்லும்போது விருத்தாம்பாள் அக்கா ஊர்க்காரர், வைத்தியம் கேட்கும்போது அது ஒரு வீடே இல்லை. இதைப் படித்துவிட்டு நீதிபதியைத் திட்டலாம் என்று பார்த்தேன், அதற்கும் வழியில்லை. சட்டப்படி பார்த்தால் அவர் எழுதியதில் பெரிய தப்பு ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அது இன்னும் கசப்பாக இருந்தது.

கடலூர் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் வண்டிக்காக நின்றோம். விருத்தாம்பாள் அக்கா கேட்டார்.

"அப்ப கோர்ட்டும் நான் ஊர்ல சேர்த்தின்னுதான சொல்லுது?"

"ஆமாக்கா."

"அப்ப அட்ட ஏம்மா கெடைக்காது?"

எனக்குத் தெரிந்ததெல்லாம் சட்டப் பதில். அதை அவரிடம் சொன்னால் நாக்கு அழுகிவிடும் போலிருந்தது. மேலே அப்பீல் போடலாம் என்றேன். சென்னையில் அப்பீல் போட்டேன். எடுத்துக்கொண்டார்கள். எப்போது விசாரணைக்கு வரும் என்று அங்கிருந்த குமாஸ்தாவிடம் கேட்டேன். வரும்போது வரும்மா என்றார்.

மார்கழியில் வினோதினியைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. படுக்க முடியவில்லை, உட்கார்ந்தபடியே தூங்கினாள். அடுத்த பனிக்காலத்தை இந்தப் பெண் தாண்ட வேண்டுமென்றால் இப்போதே நல்ல வைத்தியத்தில் போட வேண்டும் என்று டாக்டர் என்னிடமே சொன்னார். பொங்கலுக்கு எங்கள் சர்ச் தெருவில் எல்லோரும் கோலம் போட்டார்கள். எனக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை.

பொங்கல் முடிந்த வாரம் கண்ணாயிரம் ஐயா என் மாடி ஏறி வந்தார். கூடவே அவர் மனைவி கொளஞ்சியம்மாள். ஐயா உட்காராமலே பேசினார்.

"அன்னிக்கி கூண்டுல நான் சொன்னதுதான் கேச கெடுத்துச்சாமே. எம் பையன் அருண்குமாரு படிச்சிட்டு சொன்னான். நான் வேற என்னா சொல்லிருக்கணும்மா?"

"எனக்கும் தெரியலைங்க ஐயா" என்றேன். அது உண்மை.

"எனக்கு பசங்கதான், பொண்ணு கெடயாது. வினோதினிய எனக்கு தத்து குடுத்துடட்டும். என் வூட்டுப் புள்ளன்னா என் அட்டையில தானா வந்துடும். எவனும் கேக்க முடியாது. குடும்ப எண்ணிக்கையும் மாறாது."

மற்றதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் சட்டத்தைத்தான் பார்த்தேன், புத்தி அப்படிப் பழகிவிட்டது. பதினைந்து வயது முடிவதற்குள் தத்து எடுக்க வேண்டும். வினோதினிக்கு மாசியில் பதினைந்து முடிகிறது. மகள் இல்லாதவர் மகளைத் தத்தெடுக்கலாம். தகப்பன் இல்லாவிட்டால் தாய் கொடுக்கலாம். எல்லாம் பொருந்தியது. எங்கேயாவது இடித்துத் தொலைக்கக் கூடாதா என்றிருந்தது.

விருத்தாம்பாள் அக்காவை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்காரவைத்துச் சொன்னேன். "அக்கா, இது பேருக்குச் செய்யறது இல்ல. பதிவு பண்ணிட்டா சட்டப்படி அவ உங்க பொண்ணு இல்ல. நாளைக்கு மனசு மாறித் திரும்பக் கேட்டாலும் கிடைக்க மாட்டா. அப்பீல்ல ஜெயிச்சாலும் அப்படித்தான்."

"மெஷினு குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க."

"அப்ப எழுதும்மா."

தத்து செல்லுபடியாக வேண்டும் என்றால் காகிதம் மட்டும் போதாது. பெற்றவள் பிள்ளையைக் கையால் கொடுக்க வேண்டும், எடுப்பவர்கள் கையால் வாங்க வேண்டும். சட்டமே அப்படிச் சொல்கிறது. பத்திரப் பதிவுக்குப் போகும் முன் கண்ணாயிரம் ஐயா வீட்டுக் கூடத்தில் விளக்கேற்றி அதைச் செய்தார்கள். வினோதினி அம்மாவைவிட அரைச் சாண் உயரம். அவளைத் தூக்கியா கொடுக்க முடியும்? விருத்தாம்பாள் அக்கா மகளின் மணிக்கட்டைப் பிடித்துக் கொண்டுவந்து கொளஞ்சியம்மாள் கையில் வைத்தார். வைத்த பிறகும் விடவில்லை. "வுடு வுருத்தா" என்று கொளஞ்சியம்மாள்தான் மெதுவாகச் சொன்னார். நான் அழுதேன். வக்கீல் அழக்கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

வாசலில் மற்ற விதவைகள் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவர் நான் செருப்பு மாட்டும்போது பக்கத்தில் வந்தார். "எம் பையனுக்கும் இதே இருமல்தாம்மா. பதினேழு ஆவுது. அவனுக்கு எதுனா வழி இருக்குதா?" இல்லை என்றேன். சரிம்மா என்று நகர்ந்துகொண்டார்.

அட்டையில் வினோதினியின் பெயர் ஏறியது. ஏறுவதற்கு முன் கம்பெனியிலிருந்து ஒருவர் ஊருக்கு வந்து விசாரித்தார். பெண் எந்த வீட்டில் சாப்பிடுகிறாள், எங்கே தூங்குகிறாள் என்று தெருவில் கேட்டார். இது வைத்தியத்துக்காகச் செய்த பொய்த் தத்து என்று தெரிந்தால் அட்டையை நிறுத்திவிடுவோம் என்று கண்ணாயிரம் ஐயாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கே வினோதினியின் துணிகளும் புத்தகப் பையும் பெரியப்பா வீட்டுக்குப் போய்விட்டன. தத்து சட்டப்படி செல்லும், எதையும் மறைக்க வேண்டாம், பெற்றவள் பக்கத்தில் இருந்தால் எந்தக் குற்றமும் இல்லை என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். யார் கேட்பார்கள்? என் பேச்சைக் கேட்டுத்தானே கண்ணாயிரம் ஐயா கூண்டில் ஏறி உண்மையைச் சொன்னார்.

மாசி மாசம் வினோதினியைச் சிதம்பரத்தில் அந்தத் தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். என் அலுவலகத்திலிருந்து நடந்து போகிற தூரம். கொளஞ்சியம்மாளுக்கு வீட்டில் மாடு கன்று, அதனால் கூடத் தங்குவதற்கு விருத்தாம்பாள் அக்காவை அனுப்பியிருந்தார்கள். ஒரு நாள் சாயந்திரம் கோர்ட் முடிந்து சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன். வெள்ளை வெளேரென்று படுக்கை. தலைமாட்டில் அந்த மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மூக்கில் குழாயோடு சாய்ந்திருந்தவளின் உதட்டில் நீலம் இல்லை. எத்தனையோ மாசத்துக்குப் பிறகு அவள் முகத்தில் அவள் வயசு தெரிந்தது. அதைப் பார்த்ததும், செய்தது சரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விருத்தாம்பாள் அக்கா கட்டிலின் கால்மாட்டில், விளிம்பில் உட்கார்ந்தும் உட்காராமலும் இருந்தார்.

ஒரு நர்ஸ் சீட்டு எழுதிக்கொண்டே வந்தாள். புதுப் பெண். "பேஷன்ட் அம்மா வரலையா? கையெழுத்து வேணுமே. நீங்க யாரு?" என்று விருத்தாம்பாள் அக்காவைக் கேட்டாள்.

அவர் எழுந்து நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார். பெத்தவங்க என்று நான் சொல்ல வாயெடுத்தேன்.

"சித்தி" என்றாள் வினோதினி, முந்திக்கொண்டு. "எங்க சித்தி. அம்மா ஊர்ல இருக்காங்க. நாளைக்கு வருவாங்க."

நர்ஸ் எழுதிக்கொண்டு அடுத்த படுக்கைக்குப் போய், அங்கிருந்து வெளியேயும் போய்விட்டாள். விருத்தாம்பாள் அக்கா மகளின் பக்கத்தில் குனிந்தார்.

"அந்தப் பொண்ணு போயிட்டா சாமி" என்றார். "இப்ப அம்மான்னு ஒரு தடவ கூப்புடேன்."

வினோதினி கதவைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"வேணாம். ரெண்டு மாதிரி கூப்ட்டா எப்பயாச்சும் வாய் தவறிடும்" என்றாள். கொஞ்சம் மூச்சு எடுத்துக்கொண்டு, "தண்ணி குடு சித்தி" என்றாள்.

விருத்தாம்பாள் அக்கா டம்ளரில் தண்ணீர் ஊற்றி, சூடு பார்த்து, அவள் வாயில் வைத்தார்.